செங்கமலத்துக்கு வந்த பழுப்புக் கவர்

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய அத்தியங்குப்பத்தில் குஞ்சிதபாதத்துக்கு ஒரே கடையில் இரண்டு கௌரவம். இடப்பக்கம் மளிகை. வலப்பக்கம் மேஜை, அதன்மேல் தபால் சாமான். 1971இல் ஊருக்குக் கிளை தபால் ஆபீஸ் வந்தபோது இடம் கொடுத்தவர் அவர்தான், போஸ்ட்மாஸ்டரும் அவர்தான். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டுவார். சும்மா இல்லை, ஒரு சோப்பாவது வாங்கினால்தான் வாயைத் திறப்பார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து எதிரே செங்கமலம் கடை போட்டாள். நேற்றுவரை நடவுக்குப் போனவள், புருஷனுக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்ததும் கடைக்காரி ஆகிவிட்டாளே என்று இவருக்கு வயிறு எரிந்தது. அவள் மகள் பாப்பா எட்டாவது படித்தவள், யார் கடிதத்தையும் காசு பணம் பாராமல் படித்துச் சொன்னாள். ஜனங்கள் இவரிடம் கடிதத்தை வாங்கிக்கொண்டு, இவர் கண்ணெதிரேயே தெருவைக் கடந்தார்கள். படித்த கையோடு புளியும் மிளகாயும் அங்கேயே வாங்கினார்கள். பொறாமை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் அது பொறாமைதான், வேறென்ன? எதிர்க்கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

இதற்கிடையில் நிலமெல்லாம் சுரங்கத்துக்குப் போய் ஊரில் பாதி வீடு காலி. தபால் ஆபீஸை மூடி டவுன்ஷிப்போடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்த மேஜையும் போய்விட்டால் தன்னை எவன் மதிப்பான் என்று குஞ்சிதபாதம் பயந்து கிடந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தபால் பையில் ஒரு பழுப்புக் கவர். தபால் மேலதிகாரி அனுப்பியது, செங்கமலம் பேருக்கு. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தபால் ஆபீஸைத் தன் கடைக்குக் கேட்டு எழுதியிருக்கிறாள். ஆளைப் பிடுங்கியது போதாதென்று மேஜையும் வேண்டுமாக்கும் மகராசிக்கு! பிரித்துப் பார்க்கப் பயம், கொடுக்க மனமில்லை. உளுந்து டின்னுக்குப் பின்னால் செருகிவிட்டு, ஒன்பது நாள் ஒன்றுமறியாதவர்போல் வியாபாரம் பார்த்தார்.

அதற்குமேல் பொறுக்காமல் செங்கமலமே வந்தாள். "எனுக்கு எதனா கடுதாசி வந்துச்சாங்க? பாத்துகினே இருக்கேன்."

"இப்பதான் வந்திச்சி" என்று எடுத்து நீட்டினார்.

"பாப்பா பண்ருட்டி போயிருக்குது. நீங்களே படிச்சி சொல்லுங்க."

பிரித்து மனசுக்குள் படித்தார். ஆபீஸை மூட வேண்டாம், குஞ்சிதபாதம் கடையிலேயே இருக்கட்டும் என்று அவள் போட்டிருந்த மனுவுக்குப் பதில் அது. ஐம்பது வீட்டார் கையெழுத்து இருபதாம் தேதிக்குள் வந்தால் மூடுவதை நிறுத்தலாம், வராவிட்டால் மூடப்படும் என்றிருந்தது. அன்றைக்குத் தேதி இருபத்து நாலு.

"கடுதாசிக்கு வர்ற சனந்தாங்க எங்கிட்டயும் சாமான் வாங்குது. ஆபீசு போயிட்டா ரெண்டு பேருக்கும் ஈ ஓட்றதுதான். அதான் பாப்பாவ வுட்டு எழுதச் சொன்னேன்" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதான் என் மூஞ்சப் பாத்தே பேசறதில்லியே. என்னாங்க போட்டிருக்குது?"

"கையெழுத்து கேட்டிருக்காங்க. கெடு நாலு நாளு முன்னாடியே முடிஞ்சி போச்சி."

செங்கமலம் கவரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இப்பதான் வந்திச்சின்னீங்களே" என்றாள்.