ஒற்றை வண்டு என்ன செய்துவிடும்

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டை ஒட்டிய பயறு கிடங்கில் மேற்பார்வை பார்க்கும் ஜஹாங்கீர் பாய் வைத்ததுதான் சட்டம். 1952-ல் அவருக்கு ஐம்பது வயது. பெண்கள் சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பாசிப்பயறில் ஒரு கைப்பிடி எடுத்து பாட்டிலில் போடுவார். வாயைத் துணியால் கட்டி, சலித்தவள் பெயரை எழுதி ஒரு மாதம் வைப்பார். சாட்சி பாட்டில் என்று பெயர். அதில் வண்டு தெரிந்தால் அவளுக்கு அன்றோடு வேலை போச்சு.

சீனியம்மாளின் பாட்டிலைக் கட்டப்போகும் சமயத்தில் எங்கிருந்தோ ஒரு வண்டு பறந்து வந்து உள்ளே விழுந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

"பாய், உள்ள ஒண்ணு வுழுந்துகீது. கொட்டிட்டு வேற போடு."

சாப்பாட்டு நேரம். பாய்க்குப் பசி.

"ஒத்தையா கீது. ஜோடி இல்லாம அது இன்னா பண்ணிடும்? வுடும்மே."

மாதம் முடிந்தபோது பாட்டிலுக்குள் அறுபது எழுபது வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முதலாளி லோகநாதன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். சீனியம்மாள் பாயைப் பார்த்தாள். நடந்ததைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். பாய் சொல்லவில்லை. ஆண் இல்லாத ஒற்றை வண்டுக்கு இவ்வளவு குஞ்சு எப்படி வரும், இவள் சலித்த லட்சணம்தான் என்று மனசுக்குள் சாக்கு தேடிக்கொண்டார். மூன்று பிள்ளைகளை வைத்திருந்தவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு பாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஹோமியோபதி மருந்துக் குப்பிகள் இருபது வாங்கி, முட்டை ஒட்டிய பயறுகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே போட்டு அடைத்தார். ஆண் வாடையே படாமல் வெளிவந்த பெட்டைகள் நாலைந்து முட்டை இட்டன, ஒன்றும் பொரியவில்லை. ஒரே ஒரு தரம் ஆணோடு சேரவிட்டுப் பிரித்த பெட்டையோ, அன்ன ஆகாரமின்றி, ஒரு வாரம் வரை தினமும் முட்டையிட்டது. அத்தனையும் பொரிந்தன. இரண்டு தரம் சேர்ந்தது இன்னும் அதிகம் இட்டது. ஆண் கொடுத்ததை உள்ளே பத்திரப்படுத்தி, அளந்து அளந்து செலவழிக்கிறது. விந்தோடு பெட்டையின் உடம்புக்கும் ஏதோ சத்து அதில் இருக்கவேண்டும் என்று பாய்க்குத் தோன்றியது. பாட்டிலில் விழுந்தது ஏற்கெனவே ஆணோடு சேர்ந்துவிட்டு வந்த பெட்டை. சந்தேகமே இல்லை.

பாய் குப்பிகளை லோகநாதனின் மேஜையில் வரிசையாக வைத்து உண்மையைச் சொன்னார். "சரி, அவளைக் கூட்டி வாருமய்யா" என்றார் முதலாளி.

பாய் விசாரித்துக்கொண்டு எண்ணூர் உப்பளத்துக்குப் போனார். சீனியம்மாள் வெடித்த கால்களோடு உப்பு வாரிக்கொண்டிருந்தாள். பாய் குப்பியை நீட்டி எல்லாவற்றையும் விளக்கினார். கண் கலங்கியது. "ரெண்டு மாசமா உக்காந்து பாத்தேம்மா. உன் மேல தப்பே இல்ல. வேலைக்கு வா."

அவள் குப்பியை வாங்கவில்லை.

"வண்டு வுழுந்துச்சுன்னு நான் அன்னிக்கே சொன்னேனே பாய். நீயும்தான பாத்த? அத்த சொல்றதுக்கு உனுக்கு ரெண்டு மாசமா?"

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்தாள்.