மருமகளுக்குத் தலைக்கு ஊற்றிய வியாழக்கிழமை

எங்கள் தெருவில் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுத் தலைக்கு ஊற்ற வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு முதல் குளியல் என்றாலும் அப்படித்தான். தண்ணீர்ச் சூடு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு நேரம் ஊற வேண்டும், சீயக்காயில் வெந்தயம் எத்தனை பங்கு எல்லாம் எனக்குக் கைக்கணக்கு. எதிர்வீட்டு மதினி என்னைவிட நாலு வயது மூத்தவர். "ஒங்கை பட்டா மண்டைச் சூடு வாசல் வழியா எறங்கி ஓடும்ளா" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் கொழுப்பு ஏறித்தான் இருந்தது.

என் மகன் கப்பலில் இன்ஜின் பார்க்கிறவன். கென்யா நாட்டு மொம்பாசா துறைமுகத்தில் கப்பல் பழுதாகி இரண்டு மாதம் கிடந்தபோது ஒரு பெண்ணோடு பழகி, அடுத்த வருடம் அங்கேயே பதிவுத் திருமணமும் செய்துகொண்டு, போன கோடையில் தூத்துக்குடிக்குக் கூட்டி வந்தான். எங்கள் மாதா கோயிலில் சாமியார், அதாவது பாதிரியார், மந்திரித்து ஆசீர்வதிப்பது மட்டும் பாக்கி. அதற்கு ஒரு சனிக்கிழமை குறித்திருந்தோம். பெண்ணின் அம்மா வருவதாக இருந்தது. வீசா கிடைக்கவில்லை.

அதனால் அந்த அம்மா ஒரு காரியம் செய்திருந்தார். மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அவளை முன்னால் உட்கார வைத்து, விளக்கு வைக்கிற நேரம் வரை அவள் முடி முழுவதையும் முறுக்கி விட்டிருக்கிறார். சுருள் சுருளான முடி அது. அதைச் சின்னச் சின்னக் கற்றையாக எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு புரியாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றைச் சுற்றி நுனி வரைக்கும் கொண்டுபோவது. நம் ஆட்கள் கயிறு முறுக்குகிற அதே முறைதான். தலை முழுக்க எழுபது எண்பது இருக்கும். "நான் வர முடியலைன்னாலும் என் கை ஒன் தலையில இருந்து ஒன்னைய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகும்" என்று மகளிடம் சொல்லி அனுப்பினாராம். வந்த அன்றைக்கே மகன் இதை என்னிடம் சொல்லிவிட்டான். "யம்மா, சனிக்கிழமை வரைக்கும் அது அப்படியே இருக்கணும். அவ அம்மாவுக்கு போட்டோ அனுப்பணும்."

ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அவள் தலை கழுவுவதை ஒரு நாள் பின்கட்டில் நின்று முழுசாகப் பார்த்தேன். முறுக்கை அவிழ்க்கவே மாட்டாள். நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தளர்வாக ரப்பர் வளையம் போட்டு ஒதுக்கிக்கொள்வாள். மூக்கு வைத்த ஒரு பாட்டிலில் ஷாம்பூவைத் தண்ணீராகக் கலந்து, முறுக்குக்கும் முறுக்குக்கும் நடுவே தெரிகிற தோலில் மட்டும் விடுவாள். விரல் நுனியால், நகம் படாமல், மெள்ள அமுக்குவாள். பிறகு தண்ணீரை விட்டால் அந்த நுரையே முறுக்கின் வழியாக இறங்கி அழுக்கை எடுத்துக்கொண்டு போகும். முடியைக் கசக்குவது கிடையாது. துவட்டுவதும் கிடையாது. பழைய பனியன் ஒன்றால் பொத்திப் பொத்தி ஈரம் எடுத்து, நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மேலாகத் தடவி, நன்றாகக் காயும் வரை மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பாள். தூங்கும்போது வழுவழுப்பான துணி ஒன்றைத் தலையில் கட்டிக்கொள்வாள். பத்து நாளைக்கு ஒரு தரம் இந்தக் குளியல்.

இதற்கெல்லாம் கேன் தண்ணீர்! எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் முடி விறைக்கிறது என்று மகன் இரண்டு கேன் கூடுதலாக வாங்கிப் போட்டான். குடிக்கிற தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறாளே என்று காலிக் கேன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

திறந்தது எதிர்வீட்டு மதினி.

"ஏளா, ஒம் மருமவ வந்து பன்னெண்டு நாளாச்சு. ஒரு நாளாவது அந்தத் தலைய அவுத்துப் பாத்தியா?"

"அவுக்கக் கூடாதாம் மதினி. அப்படியே கழுவுதா."

"மூட்டைய அவுக்காமலே துணி துவைக்கிற மாதிரியா? நல்லாருக்குளா!" என்று சிரித்தார். "சனிக்கிழமை சாமியாரு தலையில கைய வச்சு மந்திரிக்கும்போது கை ஒட்டிக்கிடப் போகுது. பொறவு சாமியாரையும் சேத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் சுடுகிறது. என் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. மகன் மணப்பாடு ஊர்ச் சொந்தக்காரர்களை அழைக்க பைக்கில் போய்விட்டான். நான் மருமகளிடம் போய், தலையைத் தொட்டுக் காட்டி, தண்ணீர் ஊற்றுகிற மாதிரி கையை ஆட்டினேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மாமி தானாக வந்து கேட்கிறாளே என்றுதான் நினைத்திருப்பாள். ஓடிப்போய் அந்த மூக்குப் பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, பின்கட்டில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பாட்டிலைச் சுவரோரம் வைத்தேன். நல்லெண்ணெயை எடுத்தேன்.

எண்ணெய் வைத்தபோது அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள். வடிகஞ்சியில் குழைத்த சீயக்காயை அள்ளி வைத்து, எல்லாருக்கும் தேய்க்கிற மாதிரி இரண்டு கையாலும் பரபரவென்று தேய்த்தபோது, "மாமி, மெதுவா" என்றாள். அவளுக்குத் தெரிந்த இருபது முப்பது தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. நான் மெதுவாகச் செய்யவில்லை. அழுக்கு வெளியே வருகிறது என்று எனக்கு நினைப்பு. வந்தது என் சீயக்காய்தான். போர்த் தண்ணீரை ஊற்ற ஊற்ற அந்தத் தூள் போவதாக இல்லை. ஒவ்வொரு முறுக்கின் இடுக்கிலும் பழுப்பாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அவிழ்த்தால்தான் போகும் என்று பின்கழுத்துப் பக்கமிருந்து அவிழ்க்க ஆரம்பித்தேன். அவள் கையைப் பின்னால் கொண்டுவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, நான் அவிழ்த்தேன். பிறகு சீப்பை எடுத்து, தலைத் தோலை ஒட்டி அடியில் வைத்து இழுத்தேன்.

என் சீப்பு, நெருக்கமான பல். இழுத்த இழுப்பில் ஒரு கொத்து முடி சீப்போடு வந்தது. அவள் தோள் மேலே ஏறி, ஏறின இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகும் நான் ஏழெட்டுத் தரம் சீவினேன். அதையும் சொல்லிவிட வேண்டும். நிறுத்தியபோது பின்தலை பாதிக்கு மேல் அவிழ்ந்து, சிக்குண்டு, உப்பும் தூளுமாகக் கிடந்தது. அந்தத் தலையைப் பார்த்து என் மனதுக்குள் ஒரு சொல் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

முன்பக்கம் இருபது முப்பது முறுக்கு தப்பித்திருந்தது. அவற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் மகன் வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அவதாம்ப்பா ஊத்தி விடச் சொன்னா. எனக்கு என்ன தெரியும்?"

அவன் உள்ளே போய் இங்கிலீஷில் கேட்டான். நான் வாசலில் நின்றேன். அவள் அவனைத் தாண்டி என்னைப் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள்.

"ஆமா, நாந்தான் கேட்டேன்னுதான் சொல்லுதா" என்றான் மகன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பேசத் தெரிந்தவள் நான். வீட்டுக்கு வருகிறவர்களை ஒரு மணி நேரம் சிரிக்க வைத்து அனுப்புவேன். அன்றைக்கு நேரே அடுப்படிக்குப் போனேன். சாப்பாடு போட்டேன், தட்டைக் கழுவினேன், கழுவின தட்டையே மறுபடியும் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் இரண்டு பேரும் கேன் கேனாகத் தண்ணீர் ஊற்றி, ஊசி முனையால் எடுக்கிற மாதிரி அந்தத் தூளை எடுத்தார்கள். நான் உதவிக்குப் போனேன். அவள் தலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். முறுக்கத் தெரிந்த கை இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது? தன் பின்தலையைத் தானே முறுக்க அவளுக்கும் நேரமில்லை. கடைசியில், நெற்றியோடு சேர்த்து இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை கோயிலில் அவள் படியேறி வந்தாள். சேலை முந்தானை தலையை முழுக்க மூடியிருந்தது. சாமியார் அந்த முந்தானை மேலேயே கையை வைத்து மந்திரித்தார். எனக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் குசுகுசுவென்று பேச்சு.

"நம்ம பிள்ளைவளே இப்ப முக்காடு போடுறதில்ல. இவளைப் பாருங்க."

"எவ்வளவு அடக்கம்!"

விருந்துப் பந்தலில் எதிர்வீட்டு மதினி என் தோளில் ஓங்கித் தட்டினார். "கெட்டிக்காரிளா நீ! ரெண்டு வாரத்துல மருமவள நம்ம ஊர்க்காரியா மாத்திட்டியே. முக்காடு போட நீதான சொல்லிக் குடுத்த?"

மருமகள் எனக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். முக்காடு என்ற சொல் வெள்ளிக்கிழமையிலிருந்து அவளுக்குத் தெரியும்.

"ஆமா மதினி" என்றேன்.

அவள் தண்ணீர் தம்ளரை எடுத்துக் குடித்தாள்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா வீடியோவில் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும், மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, அலங்காரமாக. மகள் முக்காட்டை எடுத்துவிட்டு, முன்பக்க முறுக்கு மட்டும் தெரிகிற மாதிரி போனை நேராகப் பிடித்தாள். அந்த அம்மா கை தட்டினார். பிறகு விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டினார். திரும்பு என்கிறார். அது எனக்கே புரிந்தது.

அவள் திரும்பவில்லை. ஏதோ சொன்னாள்.

"என்னடா சொல்லுதா?" என்று மகன் காதில் கேட்டேன்.

"கடல்ல குளிச்சாளாம். அலையில அவுந்துபோச்சுன்னு சொல்லுதா."

போனில் அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. மகளைத் திட்டுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. ஒரு நாள் முழுக்கத் தான் உட்கார்ந்து செய்ததை, சனிக்கிழமை வரை பொறுக்காமல் கடலில் போய்க் கெடுத்துக்கொண்டாயே என்றுதானே திட்டுவார்? அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சேர வேண்டியதை எல்லாம் ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கடல் இல்லன்னு சொல்லு" என்றேன் மகனிடம். "நான்னு சொல்லு. அவ கேக்கவே இல்ல, வேண்டாம்னுதான் கையப் பிடிச்சா, அதையும் சொல்லு."

மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சொன்னான். அவ்வளவு நீளமாக அவன் சொன்னதைப் பார்த்தால் நான் சொன்னதற்கு மேலும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று பட்டது.

அந்த அம்மா முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"சீப்ப நுனியில வச்சு மேல கொண்டுபோனியா, அடியில வச்சு இழுத்தியான்னு கேக்காவ."

"அடியில."

அவர் நாக்கைத் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரிலும் பெண்கள் அப்படித்தான் தட்டுவார்கள். பிறகு மகனிடம் படபடவென்று ஏதோ சொல்லி முடித்தார்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு வந்ததும் மறுபடியும் முறுக்கணுமாம். அவுக போன்ல இருந்து சொல்லுவாவளாம், நான் முறுக்கணுமாம்."

"நான் என்ன செய்யணுமாம்?"

அவன் தயங்கினான். "நீ போனப் பிடிச்சிக்கிட்டா போதுமாம். முடியத் தொட வேண்டாம்னாவ."

ஞாயிற்றுக்கிழமை அப்படியே நடந்தது. அவள் முற்றத்தில் உட்கார்ந்தாள். மகன் பின்னால் முழங்காலிட்டு, தண்ணீரும் கண்டிஷனரும் கலந்து தெளித்து, விரலாலேயே நுனியிலிருந்து சிக்கு எடுத்து, புரி பிரித்து முறுக்கினான். சரியாக வராததை எல்லாம் அந்த அம்மா அவிழ்க்கச் சொன்னார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறெதற்கும் என் கைகளுக்கு அன்று அனுமதியில்லை. நான் பிடுங்கிய இடத்தில், பின்கழுத்துக்கு மேல், ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் தெரிந்தது. அந்த இடம் வந்தபோது போனை வேறு பக்கம் திருப்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. திருப்பவில்லை. அந்த அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

பதினொரு மணி வாக்கில் எதிர்வீட்டு மதினி கருவாட்டுக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். வந்தவர் முற்றத்துப் படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னளா இது? நேத்துத்தான் ஒழுங்கா வந்துட்டான்னு நெனச்சேன். மறுபடியும் ஆரம்பிச்சுட்டாவளா?"

மருமகள் திரும்பவில்லை. மகனின் கை முறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் இரண்டு பேரும் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. போனில் அந்த அம்மாவும், ஒரு சொல்கூடப் புரியாமல், என் குரலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"அவ தலை ஒழுங்காத்தான் இருந்துச்சு மதினி. நாந்தான் அவுத்துக் கெடுத்தேன். அத மறைக்கத்தான் நேத்து முக்காடு."

"நீதான சொல்லிக் குடுத்தேன்னு கேட்டேன், ஆமான்னியே?"

"ஆமான்னேன். பொய் சொன்னேன்."

மதினி கிண்ணத்தைப் படியில் வைத்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மகன் முறுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் போனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.