ஒட்டுக்கத்தியும் கனகமணியின் கையும்

1. முதல் கொப்புளம்

புளியங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் எனக்கு வேலை கிடைத்தது. வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் சின்னத்தம்பி ஐயா முதல் நாளே ஒரு மடக்குக்கத்தியைத் தந்தார். தோடை, தேசி போன்ற எலுமிச்சை இனக் கன்றுகளுக்கு அரும்பொட்டு வைக்கிற கத்தி; நல்ல மரத்தின் அரும்பைச் சீவிக் கன்றின் பட்டைக்குள் செருகி ஒட்டுவது. அலகு நல்ல உருக்கு. பிடிதான் சதுரமான மரக்கட்டை. அதன் இரு நுனியிலும் கூரான மூலைகளோடு பித்தளைத் தகடு.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தேயிலையில் கவ்வாத்து வெட்டிக் காய்த்த கை என்னுடையது. அப்படியிருந்தும் ஒரு கிழமைக்குள் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து இரத்தம் வந்தது. வெட்டுக் கோணினால் அரும்பு பட்டுப்போகும். பட்ட கன்றுகள் கூடினால் வேலை போகும்.

"ஐயா, கத்திப்பிடி கைய புண்ணாக்குதுங்க," என்றேன்.

"கை காய்க்கட்டும். ஏலாதவை வீட்டை போகலாம்."

அப்படிப் போனவர்களும் உண்டு. எனக்கு முன்பு கனகமணி என்றொரு முரசுமோட்டைப் பெண் அங்கே வேலை செய்திருக்கிறாள். அவளைப் போல அரும்பு சீவ ஆளில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவளும் கை நோகுது என்றுதான் முறையிட்டாளாம். ஐயா அவளை நிறுத்திவிட்டார்.

2. குசினி வாசலில்

ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன அரத்தோடு குசினி வாசலில் உட்கார்ந்தேன். அலகை மடக்கி, திறக்காதபடி துணியால் இறுகக் கட்டினேன். பித்தளை மூலைகளை அரத்தால் தேய்த்து மழுக்கினேன். மரத்தை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, சாண்ட் பேப்பர் போட்டேன். ஆணித்தலைக்குக் கிட்டப் போகக்கூடாது. போனால் பிடி கழன்றுவிடும். இடைக்கிடை கையில் பிடித்துப் பார்த்து, குத்துகிற இடத்தை மட்டும் தேய்த்தேன்.

"சோறாக்குற எடத்துலயா அரத்தூளக் கொட்டுறீங்க? புள்ள வாயில போட்டா என்னா செய்யிறது?" என்று மனைவி ஏசினாள். வேலியோரம் போய் மிச்சத்தை முடித்தேன். அலகின் முதுகில் பெருவிரல் அழுத்துமிடத்தையும் மழுக்கினேன். மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, மரத்துக்குத் தேங்காயெண்ணெய்.

அடுத்து வந்த வாரங்களில் என் வரிசையில் அரும்புகள் பிடித்தன. ஐயா ஒருநாள் கத்தியை வாங்கிப் பார்த்தார். விரித்தார், மடக்கினார். அவருடைய விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"முத்தையா, என்ரையையும் ஒருக்கா இப்பிடிச் செய்து தாறியோ?"

செய்து கொடுத்தேன். அதைக்கொண்டு ஒரு வரிசை முழுக்க ஒட்டிவிட்டு வந்து, கிணற்றுக்கட்டில் என் பக்கத்தில் இருந்தார்.

"இவ்வளவு காலமும் பல்லைக் கடிச்சுக்கொண்டு நோவைத் தாங்கினனான். எல்லாரும் அப்பிடித்தான் தாங்கவேணும் எண்டு நினைச்சன். அந்தப் பிள்ளை கனகமணிக்குக் கை பிழையில்லை, கத்திதான் பிழை. வா, போய்க் கூட்டிக்கொண்டு வருவம்."

3. முரசுமோட்டையில்

பஸ்ஸில் போனோம். பிடி தேய்த்த கத்தியொன்றை ஐயா ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

கனகமணி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஐயாவைக் கண்டதும் உட்காரக் கதிரையொன்று கொண்டுவந்து போட்டாள். அவர் கத்தியை நீட்டி, "பிள்ளை, திரும்பி வேலைக்கு வாறியோ?" என்றார்.

அவள் இடக்கையால் வாங்கி, வலக்கையில் வைத்தாள். பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் வளைந்தன. மற்ற மூன்றும் விறைத்தபடி நின்றன.

"நல்ல வழுவழுப்பா இருக்கு, ஐயா. எனக்கு இனிப் பிடிக்க ஏலாது. உங்கட்டையிருந்து வந்த பிறகு அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனனான். மெஷின் பெல்ற்றுக்குள்ளை கை அகப்பட்டுப் போச்சு."

கத்தி சுற்றிவந்த துண்டை ஐயா மடியில் மடித்து வைத்தார்.

"அப்ப நான் சொல்லேக்கை, ஒருக்கா வாங்கிப் பாத்திருந்தியள் எண்டா..." என்று தொடங்கியவள், "தேத்தண்ணி போடுறன், இருங்கோ," என்று எழுந்து உள்ளே போனாள். அந்தத் தேநீரை ஐயாவால் குடிக்க முடியவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

மறுநாள் பண்ணையில் இருந்த அத்தனை கத்திகளையும் என்னிடம் தந்து பிடி தேய்க்கச் சொன்னார். அதன்பின் கை நோகுது என்று சொன்ன யாரையும் அவர் நிறுத்தவில்லை. ஒட்டு வரிசைப் பக்கம் வருவதையும் குறைத்துக்கொண்டார்.

பின்னாளில் எனக்குக் கீழும் ஆட்கள் வேலை செய்தார்கள். நோகுது என்று யாராவது சொன்னால், அவர் கையில் இருக்கும் கருவியை முதலில் வாங்கி நானே பிடித்துப் பார்ப்பேன். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. அந்த ஒரு நிமிடம் கனகமணிக்குக் கிடைக்கவில்லை.