சிங்கத்தோல்காரனின் சைக்கிள்

கிரேக்க தேசம் எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஒரு கிரேக்கன் எங்கள் வீட்டின் பின்னால், கோடிப்புறத்தில் வருடக்கணக்காக நின்றான். அண்ணனுடைய சைக்கிளின் முன்கழுத்தில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதில் சிங்கத்தோலைப் போர்த்து, தண்டாயுதத்தைத் தோளில் சாத்திய தாடிக்காரன் ஒருவன். சீமையிலே சைக்கிள் செய்தவன் என்ன நினைத்து அவனை அங்கே ஒட்டினானோ தெரியாது. அண்ணன் அதைக் கொண்டுவந்த அன்று கூடிய சனம், இது எந்தக் கோயில் சாமி என்று கேட்டது.

விளக்கம் சொன்னவர் போடியார். இருநூறு ஏக்கர் வயல் வட்டைக்குச் சொந்தக்காரர். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மனேச்சரும் அவர்தான். சின்ன வயதில் பட்டணத்து இங்கிலீசுப் பள்ளியில் கொஞ்சக் காலம் இருந்தவர். அங்கே படித்ததில் அவருக்கு மிஞ்சியது இந்தச் சிங்கத்தோல்காரன் ஒருவன்தான். சிங்கத்தைக் கழுத்தை நெரித்துக் கொன்றான், பல தலைப் பாம்பை வெட்டினான், இப்படிப் பன்னிரண்டு பெரிய வேலைகளைச் செய்து முடித்தான் என்று எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்வார். சரஸ்வதி பூசையன்றுகூட, அவல் கடலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் அவன் கதைதான்.

நானும் பட்டணத்தில் மிசன் பள்ளியில் படித்தவள். அங்கே கிரேக்கக் கதைகளை அலுமாரி நிறைய வைத்திருந்தார்கள். போடியார் பன்னிரண்டோடு நிறுத்தியதை நான் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்திருந்தேன். படித்து முடித்து, போடியாருடைய பள்ளியிலேயே டீச்சராக வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளி வாவிக் கரையோடு நாலு மைல் தள்ளி இருந்தது. பஸ்ஸில் போய் வந்தேன்.

யுத்தம் வந்து அதையும் கெடுத்தது. ஒரு சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள் முன்னே ஜப்பான்காரன் ஆகாயத்தால் வந்து, எங்கள் கரைக்கு நேரே நின்ற வெள்ளைக்காரனின் பெரிய யுத்தக் கப்பலைக் குண்டு போட்டு மூழ்கடித்தான். சனம் மூட்டை முடிச்சோடு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்கு ஓடியது. அந்தக் கப்பலுக்கும் ஒரு கிரேக்கச் சாமியின் பெயர்தானாம், செருப்பில் இறக்கை வைத்துப் பறக்கிற தூதனின் பெயர். இறக்கை இருந்து என்ன, கப்பல் கடலுக்கடியில் கிடந்தது. பிறகு பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்து பஸ்ஸும் நின்றுபோனது. அண்ணன் துறைமுக வேலைக்கென்று சைக்கிளை விட்டுவிட்டுத் திருகோணமலைக்குப் போய்விட்டான். போகவர எட்டு மைல் நடந்து பார்த்தேன். மாரி தொடங்கினால் அதுவும் முடியாது. வேலையை விட்டால் எனக்கு மிச்சம் குசினியும் கலியாணப் பேச்சும்தான். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோடிப்புறத்தில் நின்ற சிங்கத்தோல்காரனைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போய்விடுவான். வீடு எனக்கென்றால் வீட்டில் நிற்கிற சைக்கிள் மட்டும் யாருக்கு?

அம்மாவிடம் இதைச் சொன்னபோது தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“ஊர் சிரிக்குங்கா புள்ள.”

“சிரிக்கட்டும்மா. சிரிச்சா பல்லுத்தானே தெரியும்.”

ஆண்கள் சைக்கிள் அது. நடுவிலே தண்டு. சேலையைக் கால்களுக்கிடையே இழுத்துச் செருகிக் கொடுக்குக் கட்டி, வாவிக் கரை மணலில் பழகினேன். விழுந்தேன், முழங்கால் உரிந்தது, வாவி விளிம்புச் சேற்றில் வளர்ந்த கண்ணாக் காட்டுக்குள் இரண்டு தரம் போய்ச் செருகினேன். கண்ணாக் கொப்பைப் பிடித்து எழும்பி மறுபடி ஏறினேன்.

நான் சைக்கிளில் பள்ளிக்குப் போன முதல் நாள் ரோட்டோரத்தில் சனம் திருவிழாப் பார்க்க நிற்பதுபோல் நின்றது. கூவினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் மண்ணாங்கட்டியும் எறிந்தான். ஒற்றைச் சிலம்போடு ராசாவின் வாசலுக்குப் போய் நியாயம் கேட்டவளை அம்மனாக்கி, வைகாசி வந்தால் அவள் கோபம் தணியக் குளிர்த்தி பாடி அழுகிற ஊர் இது. பள்ளிக்கூட வாசலுக்குப் போகிற ஒருத்தியைப் பார்க்க மட்டும் அதற்குக் கண் கூசியது. நான் மணியை அடித்துக்கொண்டு போனேன்.

போடியார் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். சைக்கிளைச் சுற்றி ஒரு நடை நடந்து, தகட்டில் விரலால் தட்டினார்.

“இது ஆரெண்டு தெரியுமா புள்ள? பலசாலி. அதாலதான் இதில அவன ஒட்டியிருக்கான். இது ஆம்பிளைக்கெண்டு செஞ்ச சாமான்.”

“அந்தக் கப்பலுக்கும் பறக்கிறவன்ர பேர்தானே வெச்சிருந்த ஐயா. அது பறந்ததா?”

போடியார்மாருக்கு மறுமொழி வராவிட்டால் கோபம் வரும். அன்று முணுமுணுத்ததோடு விட்டார். பூசைவரைக்கும் பொறுத்தார் என்று சொல்லவேண்டும்.

சரஸ்வதி பூசையன்று தாய் தகப்பன்மாரெல்லாம் வந்திருந்தார்கள். போடியார் எழும்பி, வழக்கம்போலச் சிங்கத்திலிருந்து தொடங்கினார். பன்னிரண்டாவது வேலை முடிந்ததும் சால்வையைத் தோளில் சரிசெய்தார். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெட்டை விடவில்லை.

“மறுகா என்ன நடந்த ஐயா?”

“மறுகா ஒண்டுமில்ல. அதோட கத முடிஞ்சி.”

நான் எழும்பினேன். எழும்பவேண்டும் என்று யோசித்து எழும்பவில்லை. கால் தானாக எழும்பிற்று.

“மறுகா இருக்கு ஐயா. பாதியோட விட்டா பிள்ளையள் பிழையாப் படிச்சிருங்கள்.”

போடியார் என்னைப் பார்த்தார். நான் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன். அந்தப் பலசாலி கோபத்தில் ஒருவனைக் கொன்றுவிட்டான். அதற்குத் தண்டனையாக அவனை ஒரு ராணிக்கு அடிமையாக விற்றார்கள். ராணி அவனுக்குப் பெண்ணுடுப்பை உடுத்தி, நூல் நூற்க இருத்தினாள். அவனும் பெண்களுக்கு நடுவிலிருந்து நூற்றான். அவனுடைய சிங்கத்தோலை ராணி போர்த்துக்கொண்டாள். தண்டாயுதத்தை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள். பின்னால் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள்.

“வெட்கங்கெட்ட கத!” போடியாரின் முகம் கறுத்துவிட்டது. “ஆம்பிள நூல் நூக்கிறதா?”

“நூல் நூத்தா என்ன வெட்கம் ஐயா? நீங்க கட்டியிருக்கிற வேட்டியும் ஆரோ நூத்த நூல்தானே.”

இப்போது தகப்பன்மாரும் சிரித்துவிட்டார்கள். காத்தான்குடியிலிருந்து வந்திருந்த நெசவுகாரர் ஒருவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை போடியார் நின்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

“இண்டைக்குச் சொல்றன். சைக்கிள்ல வாற டீச்சருக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில வேல இல்ல.”

அவர் மனேச்சர். சொன்னால் சொன்னதுதான். அவலையும் கடலையையும் ஒருவரும் சரியாகத் தின்னவில்லை. அம்மா அன்றைக்கே திருகோணமலைக்குச் சொல்லி அனுப்பி அண்ணனைக் கூப்பிடப் பார்த்தார். நான் வேண்டாமென்றேன். அண்ணன் வந்தால் சைக்கிளில் அவன் ஏறுவான், நான் வீட்டில் இருப்பேன், ஊருக்குச் சமாதானமாகிவிடும். அந்தச் சமாதானம் எனக்குத் தேவையில்லை.

பூசை கழிந்து பள்ளி திறந்த அன்று சைக்கிளில்தான் போனேன். எங்கள் பள்ளிக்கூட வாசல் ஒரு கடப்பு. இரண்டு கட்டைகளுக்கு நடுவே குறுக்காக மூன்று கம்புகள். காலையில் கம்புகளை இழுத்துவிட்டால் வழி வரும். அன்று கம்புகளை இழுக்கமுடியாதபடி முள்ளுக்கம்பியால் வரிந்து கட்டியிருந்தது. பிள்ளைகள் கீழால் நுழைந்து உள்ளே போயிருந்தார்கள். குனிந்தால் எனக்கும் வழி இருந்தது. குனிந்து வரட்டும் என்றுதான் போடியார் அந்த வழியை விட்டிருக்கிறார். சைக்கிள் குனியாது.

போடியார் உள்ளே, வேம்படியில் கைகட்டி நின்றார். பிள்ளைகள் வரிசையாய் நின்று பார்த்தார்கள். நான் இறங்கினேன். கொடுக்கை இன்னொருமுறை இறுக்கினேன். நடுத்தண்டுக்குள் தோளைக் கொடுத்து அந்த இரும்பைத் தூக்கினேன். தோள் எலும்பு முறிவதுபோல் நொந்தது. கம்பில் காலை வைத்து ஏறினேன். முள்ளுக்கம்பி கணுக்காலைக் கிழித்தது. வாயைத் திறந்து கத்தவேண்டும்போல் இருந்தது, போடியார் நின்றபடியால் கத்தவில்லை. அந்தப் பக்கம் குதித்தபோது தகடு என் கன்னத்தில் இடித்தது.

சைக்கிளைத் தோளிலிருந்து இறக்காமலே அவர் முன்னால் போய் நின்றேன்.

“நான் சொன்னது காதில விழல்லியா?” என்றார்.

“விழுந்தது ஐயா. சைக்கிள்ல வாற டீச்சருக்குத்தானே வேல இல்ல? நான் சைக்கிள்ல வரல்ல. சைக்கிள்தான் என்னில வந்திருக்கு.”