கணக்கில் சேராத வண்டிகள்

போன ஞாயிற்றுக்கிழமை வார்டு மீட்டிங்குக்குப் போயிருந்தேன். போகும்போது தெளிவாகத்தான் இருந்தேன். திரும்பி வரும்போதுதான் தலை கிறுகிறுத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் தெரு. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். நடுவில் ஒரு கார் போகிற அகலத்துக்கு ரோடு. பெரிய ரோட்டில் டிராஃபிக் ஜாம் என்றால் பாதி ஊர் இந்த வழியாகத்தான் தப்பிக்கும். புகை நேராக வீட்டுக்குள் வரும். என் மனைவி விஜயாவுக்கு வீஸிங். காலை எட்டு மணிக்கு இன்ஹேலர் இல்லாமல் அவளால் ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாது. அவள் மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும்.

அதனால், காற்று மாசைக் குறைக்கப் பொதுமக்கள் உதவ வேண்டும் என்று வார்டில் கேட்டபோது முதல் ஆளாகக் கை தூக்கினேன். வேலை சுலபம். காலையில் ஒரு மணி நேரம் தெருவில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை ஃபாரத்தில் குறிக்க வேண்டும். எந்தத் தெருவுக்கு என்ன செய்யலாம் என்று அதை வைத்து முடிவு செய்வார்களாம். துணைக்கு எதிர்வீட்டு ரமணி அண்ணா — ரிட்டயர்டு ஆடிட் ஆபீசர். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

முதல் வண்டியே கரும்புகை கக்கிக்கொண்டு வந்தது. பேனாவைத் திறந்தேன்.

"அது நம்ம கோடியாத்துக் கிட்டுவோட கார். பாவம், லீவுக்கு வந்திருக்கான். விடுங்கோ," என்றார் அண்ணா.

விட்டேன்.

அடுத்தது ஆட்டோ. "சுரேஷோட ஆட்டோ அல்லே இது? விஜயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறவன். அவனைப் போய் எழுதுவாளோ?"

நியாயம்தானே? கேஸ் சிலிண்டர் வண்டி நமக்காக வருகிறது. ஸ்கூல் வேனில் நம் தெருக் குழந்தைகள். பால் வண்டி… பாலைப் போய் மாசு என்பதா? கடைசியில் ஒரு டூரிஸ்ட் கார் வந்தது. இதாவது மாட்டியதே என்று குறிக்கப் போனேன். வழி தெரியாமல் வந்துவிட்டார்கள், அவர்களை எழுதுவது தர்மமில்லை என்றுவிட்டார் அண்ணா.

சத்தியமாகச் சொல்கிறேன், ஏமாற்றுகிற எண்ணம் எங்கள் இருவருக்கும் துளியும் இல்லை. மாசு என்றால் அது வேறு யாரோ கொண்டுவருவது என்றுதான் நினைத்திருந்தோம். அன்றைக்குப் பார்த்துப் பெரிய ரோட்டில் ஜாமும் இல்லை; ஃபாரத்தில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

மீட்டிங்கில் ஸ்கிரீனில் வரைபடம் போட்டார்கள். எங்கள் தெரு மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. திட்டத்தை விளக்கிய ஷைனி என்கிற இளம் என்ஜினீயர் என்னைப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் சந்தோஷமாகச் சொன்னார்.

"சாரே, உங்க ரோடு நல்ல ஃப்ரீயா உண்டு. பெரிய ரோட்டிலே வர்ற வண்டியெல்லாம் காலையிலே அந்த வழியா விடலாம்னு பிளான்."

எழுந்து நின்றேன். "அந்தக் கணக்கு தப்பும்மா," என்றேன்.

"அது சார் தன்னே எழுதியதல்லே?"

பின்வரிசையில் சிரித்தார்கள். எங்கள் தெருவில் மூச்சு முட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

ஷைனி கோபப்படவில்லை. "பெரிய ரோட்டிலே குழந்தைகளோட கிளினிக் உண்டு சாரே. அங்கே காற்று வளரே, ரொம்ப மோசம். அந்தப் புகையை நாங்க எங்கே கொண்டுபோறது?"

விஜயா மூச்சுவிட அந்தக் குழந்தைகள் இரும வேண்டுமா? அந்தக் குழந்தைகளுக்காக விஜயா… ரமணி அண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்சேபணைக்கு ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். மறுபடி எண்ண வேண்டுமென்றால், முதல் கணக்கில் விட்டுப்போன வண்டிகள் எவை, ஏன் விட்டுப்போயின என்று எழுதித் தர வேண்டும். வீட்டுக்கு வந்து பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். 'ஏன்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? தெரிந்தவர்கள் என்பதாலா?

விஜயா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன எழுதறேள்?"

"விட்டுப்போன வண்டியெல்லாம்."

"அப்போ உங்க ஸ்கூட்டர்லேர்ந்து ஆரம்பிங்கோ," என்றாள். "தினம் காலம்பற வாசக்கதவைக்கூடத் திறக்காம ரேழிக்குள்ளேயே ஸ்டார்ட் பண்ணி உறும விடறேள். எனக்கு முதல்ல நெஞ்சு அடைக்கறது அந்தப் புகையிலதான்."

வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இத்தனை வருஷமாக ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

இன்ஹேலரை ஒரு முறை இழுத்துக்கொண்டு, சாவதானமாகச் சொன்னாள்.

"நம்மாத்து வண்டியாச்சேன்னுதான்."