காலை முழுக்கு தெரியாத கம்ப்யூட்டர்

கடையில் அவளுக்குச் 'சந்தேகம் அக்கா' என்று பெயர். கடலுக்கு அடியில் முழுகிப் பார்க்க வருகிறவர்களுக்குச் சாமான் வாடகைக்கு விட்டு, ஆளோடு கூட்டிப்போகும் கடை அது. பின்பக்க அறையில் பதினெட்டு வருஷமாகச் சிலிண்டரோடும் மூச்சுக்குழாயோடும் ரப்பர் வளையங்களோடும்தான் அவள் குடித்தனம். ஒரு திருகை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். தொட்டோமா இல்லையா என்று நாலாவது தடவையும் பார்ப்பாள். பக்கத்தில் இருப்பவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவள் கை பட்ட சாமான் தண்ணீருக்குள் யாரையும் கைவிட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

தம்பி அதே கடையில் வழிகாட்டி. நாற்பதை நெருங்குகிறான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அக்காவைக் கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

அன்றைக்குக் காலையில் ஒரு கூட்டத்தோடு முப்பது மீட்டர் ஆழம் போய்விட்டு வந்தவன், மணிக்கட்டில் இருந்த டைவ் கம்ப்யூட்டரைக் கழற்றி மேஜையில் போட்டான்.

"செத்துப்போச்சுக்கா. மேல வர்ற நேரத்துல கண்ணை மூடிடுச்சு. வேற ஒண்ணு குடு, அடுத்த படகு கிளம்புது."

வெளியே படகுக்காரர் கத்திக்கொண்டிருந்தார். அவள் இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்தாள். பேட்டரி பார்த்தாள், வார் பார்த்தாள், கண்ணாடி பார்த்தாள்.

"முகூர்த்தம் முடிஞ்சிடப்போகுது, குடும்மா தாயே!" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

அவன் போன பிறகும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செத்துப்போனதைத் திறந்து துடைத்தாள். உள்ளே உப்புத்தண்ணீர் புகுந்திருந்தது. சரி, காரணம் கிடைத்துவிட்டது, அப்புறம் ஏன் மனசு அரிக்கிறது? எழுந்தாள், உட்கார்ந்தாள், இழுப்பறையைத் திறந்து மூடினாள். மூடிய கை அப்படியே நின்றுவிட்டது.

ஐயோ! அவனுக்குக் கொடுத்தது ஒரு வாரமாக இந்த இழுப்பறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது அல்லவா!

ஆழத்தில் உடம்புக்குள் நைட்ரஜன் ஏறும். வெளியே வந்தபிறகும் பல மணி நேரம் கொஞ்சம் தங்கியிருக்கும். அதைக் கணக்குப் பார்த்து, எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம், எப்போது மேலே வரலாம் என்று சொல்வதுதான் கம்ப்யூட்டரின் வேலை. காலையிலும் கையோடு இருந்தால்தான் அதற்குக் காலைக் கணக்கு தெரியும். புதிதாகக் கட்டியதற்கு, தம்பி இன்றைக்குத் தண்ணீரிலேயே கால் வைக்காதவன். அதை நம்பி, நைட்ரஜன் மெல்ல வெளியேறும்வரை இடையில் போதிய நேரம் நிற்காமல் மேலே வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டும். காலே விளங்காமல் போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

படகுக்காரருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. நிறைந்த சிலிண்டர் ஒன்று, கயிறு, தண்ணீருக்கடியில் எழுதும் பலகை, எல்லாவற்றையும் கடையின் சின்னப் படகில் வாரிப் போட்டுக்கொண்டு தானே மோட்டாரை இழுத்துக் கிளப்பினாள்.

"எப்ப இறங்கினாங்க?" என்று பெரிய படகைக் கண்டதும் தூரத்திலேயே கத்தினாள்.

"அதெல்லாம் முடிஞ்சுதும்மா. மேல வர்றாங்க, வழக்கம்போல அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னுட்டு வந்துடுவாங்க" என்றார் படகுக்காரர்.

கீழே குமிழிகள் கொப்பளித்தன. அவனோடு இருந்த வாடிக்கையாளர் இரண்டு பேருக்கும் அன்றைக்கு அதுதான் முதல் முழுக்கு, அவர்களுக்கு ஆபத்தில்லை. சிலிண்டரைக் கயிற்றில் அவனருகே இறக்கினாள். பலகையில் எழுதித் தனிக்கயிற்றில் விட்டாள்.

'கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு. வராதே. அரை மணி நேரம் அங்கேயே இரு.'

பலகை உடனே திரும்பி வந்தது. 'நல்லாத்தான் ஓடுது. நீ சும்மா பயப்படாதே. வர்றேன்.'

பதினெட்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் பயந்தவள் இன்றைக்குப் பயந்தால் யார் மதிப்பார்கள்? வாடிக்கையாளர் இருவரும் மேலே வந்து முகமூடியைக் கழற்றினார்கள். படகுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் பலகையில் ஊன்றியபடி நகராமல் நின்றது. தம்பியின் குமிழிகள் ஏணிப்பக்கம் நகர ஆரம்பித்தன.

ஒரே மூச்சில் எழுதினாள். 'கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. காலையில நீ போனது அதுக்குத் தெரியாது. யோசிக்காமக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது.'

பலகை போனது. குமிழிகள் நின்றன. பிறகு மெதுவாகக் கயிற்றுப்பக்கம் திரும்பி அங்கேயே கொப்பளித்தன. சிலிண்டர் கயிறு ஒருமுறை விறைத்துத் தளர்ந்தது.

முப்பத்தைந்து நிமிஷம். அவள் உட்காரவே இல்லை.

ஏறி வந்தவனைப் பிடித்து உட்காரவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னாள், காலைத் தூக்கச் சொன்னாள். எல்லாம் அசைந்தது. அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. உதடு குளிரில் நடுங்கியது.

"நான் ஏணியைப் பிடிக்கக் கையை நீட்டிட்டேன்க்கா. பலகை அப்பத்தான் வந்துச்சு. இதை ஏன் முதல்லயே எழுதல?"

"எழுதக் கை வரலடா" என்றாள்.