விண்ணப்பத் தாளின் முதல் வரி

என் அக்காவின் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று. பதினான்கு வருடமாக எங்கள் சபையின் விண்ணப்பத் தாளை எழுதுகிறவள் அவள்தான். சபை என்றதும் கோபுரம், மணி என்று நினைத்துவிட வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஒரு நீள அறை, இருபது பெஞ்சு, நினைத்தால் சுற்றும் நினைத்தால் நிற்கும் ஒரு மின்விசிறி. ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுகிறவர்கள் தங்கள் கஷ்டத்தை அக்காவிடம் சொல்வார்கள். அவள் எழுதித் தருவாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முன்னால் நின்று அதைப் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் எல்லோரும் ஆமென் சொல்வோம்.

தாளில் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை. முன்பு இருந்தது. ஒருமுறை ஒரு குடிகாரரின் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டார்கள். அடுத்த வாரம் அந்த மனிதரே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து, "யாருய்யா என் மானத்த வாங்கினது?" என்று கேட்டார். அன்றிலிருந்து "ஒரு சகோதரர், குடிப்பழக்கம்", "ஒரு தாய், முழங்கால் வலி" என்றுதான் எழுதுவது. இன்னொரு விதியும் உண்டு. கேட்டது கிடைத்துவிட்டால் அந்த வரி, நன்றி சொல்லிப் படிக்கிற ஸ்தோத்திரத் தாளுக்குப் போகும். கிடைக்கும்வரை விண்ணப்பத் தாளிலேயே இருக்கும். வாராவாரம் திரும்ப எழுத வேண்டும். முழங்கால் வலி நான்கு வருடமாக அங்கேயேதான் இருக்கிறது.

வார நாட்களில் நானும் அக்காவும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். ஈரம் போகாத விரிப்பை அக்கா உதறி, இரண்டு முனையையும் சமமாகப் பிடித்து, சூடான இஸ்திரி உருளைக்குள் விடுவாள். மறுபக்கம் வெந்நீர் வாசனையோடு வந்து விழுவதை நான் மடித்து அடுக்குவேன். உருளையின் சத்தத்தில் பேச முடியாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அங்கே என்னைச் சேர்த்ததே அக்காவின் தந்திரம் என்று மேற்பார்வையாளர் கேலி செய்வார். குழந்தைகள் வார்டு விரிப்பு மட்டும் பாதி நீளம், ஓரத்தில் நீலக் கோடு.

அக்காவின் கணவர், மகளுக்கு ஒரு வயது ஆனபோதே லாரி விபத்தில் போய்விட்டார். அந்த ஒரே மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஏழு வயதில் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. இரண்டு வருடம் வீட்டுக்கும் வார்டுக்குமாக அலைச்சல். அந்த நீலக் கோட்டு விரிப்பில் படுத்துக்கொண்டு, "சித்தி, இது நீங்க மடிச்சதா? ஒரு ஓரம் கோணலா இருக்கே" என்று என்னை வம்புக்கு இழுப்பாள்.

சனிக்கிழமை அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தாள் எழுதும்போது வாலு எட்டிப் பார்ப்பாள்.

"என்னைய எத்தனாவதா எழுதியிருக்கம்மா?"

"ஒன்பதாவது."

"முதல்ல எழுதினா என்ன?"

"எழுதறவ தன் பிள்ளைய முன்னாடி போட்டுக்கக் கூடாதுடா."

"எட்டாவதோட கடவுள் தூங்கிட்டாருன்னா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனாலும் ஒன்பதாவதாகவே எழுதினாள்.

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வாலு இறந்துபோனாள். அக்கா வார்டில் இருந்தாள்; நான் அப்போது கீழே சலவைக்கூடத்தில் மடித்துக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்ன பிறகும் கையில் இருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் ஓடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கும்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். அழாதம்மா, அழாதம்மா என்று அக்காவைச் சுற்றி ஒரே சத்தம். நல்ல பூவாகப் பார்த்துத்தான் ஆண்டவர் பறிப்பார் என்று ஒரு அம்மாள் சொன்னார். "உங்க வீட்லயும் ரெண்டு பூ இருக்கே" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த அம்மாள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசவும் வேண்டாம்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு, அக்கா வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். தாளும் கொண்டுவந்தாள். தபால்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஒரு தாயின் மகள். ஒன்பது வயது. சிறுநீரகம். பூரண சுகம் வேண்டி."

அதுதான் முதல் வரி. விஷயம் தெரியாத யாரோ ஒருவர் மட்டும் பின்னாலிருந்து பலமாக ஆமென் சொன்னார். தபால்காரர் அந்த வரியை இன்னொரு முறை பார்த்தார். ஆனால் கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தன் வேலை என்று வாழ்நாளெல்லாம் பழகிய மனிதர் அவர். அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னக்கா இது? பழக்கத்துல எழுதிட்டியா?"

"இல்ல. தெரிஞ்சுதான் எழுதினேன்."

"அவ இல்லக்கா."

"எனக்கே சொல்றியா? நான்தான அவளக் குளிப்பாட்டி அனுப்பினேன்?" அக்காவின் குரல் உயரவே இல்லை. "பதில் வராத வரிய எடுக்கக் கூடாது. விதி அதுதான். ஊர்ல இருக்கறவங்க கஷ்டத்தையெல்லாம் பதினாலு வருஷமா எழுதிக் குடுத்தேன். என் பிள்ளைய மட்டும் ஏன் கேக்கலன்னு அவர் சொல்லட்டும். எங்க மேல அவருக்கு அன்பு இருக்கா, இல்ல நானாதான் இத்தன நாள் அப்படி நெனச்சிட்டிருந்தேனா, அதையும் சொல்லட்டும். அதுவரைக்கும் அவதான் முதல் வரி."

அதன் பிறகு சபையில் அவள் பாட்டுப் பாட வாய் திறக்கவில்லை; ஜெபத்துக்குக் கண் மூடவில்லை. ஆனால் ஒரு ஞாயிறும் தவறவில்லை. வழக்குக்கு வாய்தா வாங்கினவள் நீதிமன்றத்துக்குப் போவதுபோலப் போனாள். இயேசு என்று ஒருவர் தன்னை நேசித்தது பொய்யாகிவிட்டால் அவளுக்கு மிஞ்ச எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. எனக்கு அதுதான் பயம்.

சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் நல்ல மனதோடு நீலக் கோட்டு விரிப்புகளை வேறு மேசைக்கு மாற்றினார். அக்கா போய் அந்த மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து, தானே ஒவ்வொன்றாக உருளைக்குள் விட்டாள்.

ஐந்தாவது ஞாயிறு, சபைக்குப் புதிதாக வந்த ஒரு இளம் தம்பதி ஒரு துணிப் பொம்மையோடு நின்றார்கள். "அந்த ஒன்பது வயசுப் பாப்பாவுக்கு. எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னா நாங்களே போய்க் குடுத்துடறோம்" என்று தபால்காரரிடம் கேட்டார்கள். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். இனியும் பொறுக்க முடியாது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஆறாவது ஞாயிறு தபால்காரர் இரண்டாம் வரியிலிருந்து தொடங்கினார்.

அக்கா எழுந்து நின்றாள்.

"ஐயா, முதல் வரிய விட்டுட்டீங்க."

தபால்காரர் சபையின் போதகரைப் பார்த்தார். போதகர், "அம்மா, பிள்ளைதான் ஆண்டவர்கிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"எந்தத் தாள்ல எழுதணும், அத மட்டும் சொல்லுங்க," என்றாள் அக்கா. "சுகம் கேட்டேன், கிடைக்கல. அதனால ஸ்தோத்திரத்துல போட முடியாது. ஏன் கிடைக்கலன்னு பதிலும் வரல. அப்ப இந்தத் தாள்லதான இருக்கணும்? நான் தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன்."

இப்போது ஒரு பிரசங்கம் வரும் என்று நினைத்தேன். வந்தால் திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தையை நாக்கு நுனியில் வைத்திருந்தேன். போதகர் மேடையிலிருந்து இறங்கினார். அக்காவின் பெஞ்சில், அவள் பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். "எனக்குத் தெரியலம்மா" என்றார். அவ்வளவுதான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு, அறுபது வயது மனிதர், குழந்தைபோல விம்மி அழுதார். அக்காவும் உட்கார்ந்தாள். அடக்கத்துக்குப் பிறகு ஒருமுறையும் அழாதவள் அன்றைக்கு அழுதாள். அன்று வேறு எந்த வரியும் படிக்கவில்லை. நாங்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனோம்.

திங்கட்கிழமை மதியம் உருளையை நிறுத்தியிருந்த நேரம். கடைசியாக வந்த நீலக் கோட்டு விரிப்பு அக்காவின் மடியில் இருந்தது. அவளே பேச ஆரம்பித்தாள்.

"எல்லாரும் அழாதன்னு சொன்னாங்கடி. அந்த மனுஷன் ஒருத்தர்தான் சொல்லல. பக்கத்துல உக்காந்து அவரும் அழுதாரு. அப்ப எனக்கு ஒண்ணு தோணிச்சு. பைபிள்ல, செத்துப்போன சிநேகிதன் கல்லறைக்கு முன்னாடி இயேசுவும் அழுதாருல்ல? கொஞ்ச நேரத்துல அவன உயிரோட எழுப்பப் போறோம்னு தெரியும். தெரிஞ்சும் அழுதாரு. 'நான் எழுப்பிடுவேன், நீங்க அழாதீங்க'ன்னு அந்தச் சிநேகிதனோட அக்கா தங்கச்சிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்லல. பிரியம் இல்லாதவங்களுக்கு அப்படி அழுக வருமா?"

"அதனால?"

"அந்தப் புதன்கிழமை அவர் அந்த வார்டுலதான் இருந்திருக்காருடி. என்னோட சேந்து அழுதுட்டு இருந்திருக்காரு. எனக்குத்தான் என் சத்தத்துல கேக்கல."

"அது போதுமாக்கா உனக்கு?" என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன். வாலு எனக்கும் பிள்ளைதான்.

அக்கா விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"போதாது. சாகற வரைக்கும் போதாது. ஆனா அவருக்கு அன்பு இருக்கு. இல்லன்னு நெனச்சுதான் பயந்துபோயிருந்தேன். இருக்கு."

அவள் முகத்தைப் பார்த்தேன். துக்கம் கடுகளவும் குறையவில்லை. ஆனால் ஆறு வாரமாக அதில் இருந்த வழக்காளி எழுந்து போய்விட்டிருந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு, மேற்பார்வையாளர் வந்து நின்றதுகூடத் தெரியாமல், வாய்விட்டு அழுதேன்.

ஏழாவது ஞாயிறு அக்கா வழக்கம்போலத் தாளை நீட்டினாள். தபால்காரர் வாங்கி, முதல் வரியைப் பார்த்துவிட்டு, அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார்.

"ஒரு தாயின் மகள். ஒன்பது வயது. இறந்துபோனாள். இப்போது உம்மிடம் இருக்கிறாள். இவளுக்குப் பாலில் ஆடை இருந்தால் பிடிக்காது, வடிகட்டிக் கொடுக்கவும். தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளுவாள், திரும்பப் போர்த்திவிடவும். இடது பக்கம் முடி சிக்கு விழும். மெதுவாக வாரவும். அவசரப்பட்டால் அழுவாள்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதானாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் இருக்கு ஐயா," என்றாள் அக்கா. "அடுத்த வாரம் எழுதித் தரேன்."